டயர் பேசுவதைக் கேளுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். கணினியில் கார் பந்தயம் ஓட்டப் புதிதாக உட்காருகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "நேர்ச்சாலையில் நன்றாகப் போகிறது, வளைவு வந்தால் மட்டும் கார் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, ஏன்?" பல வருடங்களாக இந்த விளையாட்டில் ஊறியவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த வளைவு கெட்டுப்போனது அதற்கு முன்னாலேயே, பிரேக்கில்.

பேருந்தில் நின்றுகொண்டு போயிருப்பீர்கள். ஓட்டுநர் பிரேக் போட்டால் எல்லாரும் முன்னால் சாய்கிறோம். காரின் எடையும் அப்படித்தான் முன்சக்கரங்களின் மேல் போய் உட்காருகிறது. எடை ஏறிய டயர் சாலையை நன்றாகப் பிடிக்கும், ஸ்டீயரிங் சொல்கிற பக்கம் திரும்பும். சட்டென்று பிரேக்கை விட்டால்? நாம் பின்னால் சாய்வதுபோல எடையும் பின்னால் போய்விடும், முன்டயரின் பிடி தளர்ந்துவிடும். கைதேர்ந்த ஓட்டுநர் பேருந்து நிற்பதற்குச் சற்று முன்னால் பிரேக்கை மெல்லத் தளர்த்துவார், பாருங்கள், யாருமே குலுங்க மாட்டார்கள். அந்தக் கால்தான் நமக்கு வேண்டும்.

கார் நேராக இருக்கும்போதே பலமாக அழுத்திவிடுங்கள். அப்புறம் ஸ்டீயரிங் திரும்பத் திரும்ப, பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். டிரெயில் பிரேக்கிங் என்பது இதுதான். டயரிடம் இருக்கும் பிடி ஓர் அளவுதான். அதையே வேகம் குறைக்கவும் திருப்பவும் பங்கு போடவேண்டும். முழுவதையும் பிரேக்குக்கே கொடுத்துவிட்டால் திரும்புவதற்கு என்ன மிஞ்சும்?

இன்னொன்று. மணிக்கு 200 கிலோமீட்டரிலிருந்து 100க்கு வருவதற்கு, 100லிருந்து நிற்பதற்கு ஆவதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு தூரம் வேண்டும். வேகத்தின் வர்க்கத்தோடு போகிற கணக்கு இது. அதனால் நம் மனக்கணக்கைவிட முன்னாலேயே பிரேக் போடவேண்டியிருக்கும்.

இங்கே என் அக்கா மகன் கதையைச் சொல்லியாகவேண்டும். விடுமுறைக்கு வந்தவன் இத்தாலியின் மோன்ஸா டிராக்கை எடுத்தான். நீண்ட நேர்ச்சாலை முடிந்ததும் வலம், இடம் என்று ஒடுங்கிய வளைவு. ஒவ்வொரு சுற்றிலும் அங்கே நேராகப் போய் வெளியே விழுந்தான். "மாமா, எவ்வளவு திருப்பினாலும் திரும்பவே மாட்டேங்குது!" என்றான். உண்மைதான், ஸ்டீயரிங்கை மேலும் மேலும் திருப்பிக்கொண்டே இருந்தான். ஹெட்போனில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தச் சொன்னேன்.

பிறகு நான் ஓட்டினேன், அவனைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்கச் சொன்னேன். டயர் முதலில் மெல்ல முனகும். பிடியின் விளிம்புக்கு வந்ததும் அந்த முனகல் ஒரே சீராக நீளும். விளிம்பைத் தாண்டினால் குரல் உடைந்து கரகரக்கும். மூன்றாவது சுற்றில், கண்ணை மூடியபடியே, "இப்போ உடையுது" என்று சரியாகச் சொன்னான். நிஜக் காரில் இருக்கை முதுகைத் தள்ளும், வயிறு சொல்லிவிடும். கணினியின் முன்னால் அது கிடையாது. ஸ்டீயரிங் கையில் கொடுக்கும் கனமும் இந்தக் குரலும்தான் நமக்குச் செய்தி. அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், பாட்டை நிறுத்துங்கள், டயரைக் கேளுங்கள்.

குரல் உடைந்தால் ஸ்டீயரிங்கை இன்னும் திருப்பக்கூடாது. சற்றே நேராக்குங்கள், டயர் மறுபடி பிடிக்கும். பயந்த கை இதைச் செய்ய மறுக்கும், பழக்கித்தான் ஆகவேண்டும். அன்று மாலை அவன் அந்த ஒரு வளைவை மட்டுமே ஓட்டினான். ஸ்டீயரிங்கைத் தளர்த்தியதும் கார் உள்ளே மடங்கி வந்த கணத்தில் அவன் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும்.

விளையாட்டுத்தானே என்பவர்களுக்கு ஒன்று. ஜான் மார்டன்பரோ 2011இல் வென்ற ஜிடி அகாடமி, வீடியோ விளையாட்டு ஆடுபவர்களிலிருந்து ஓட்டுநரைத் தேடிய போட்டி. 2013இல் பிரான்ஸில் நிஜக் கார்கள் ஓடும் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் அவருடைய அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், நேரம் நெருங்கிவிட்டது. வளைவைவிட்டு வெளியேறுவதைப் பற்றி நிறைய வைத்திருந்தேன், சுருக்கிவிடுகிறேன். ஸ்டீயரிங் நேராக நேராகத்தான் ஆக்சிலரேட்டர். கண் காரின் மூக்கில் நிற்காமல் வளைவின் முடிவில் இருக்கட்டும். பின்பக்கம் வழுக்கினால், அது போகிற பக்கமே உடனே ஸ்டீயரிங்கைத் திருப்புங்கள், கார் நிமிரத் தொடங்கியதும் அதே வேகத்தில் நேராக்குங்கள். இரண்டாவதை மறந்தால் கார் எதிர்ப்பக்கம் சுழன்றுவிடும். குறைந்த சக்தியுள்ள ஒரு கார், ஒரே டிராக், ஒரு மாதம், அதுபோதும். நன்றி, வணக்கம்.