க்ரூஸ் டிக்கெட்ல என்ன அடங்கும், எதுக்கெல்லாம் தனிக் காசு? சிங்கப்பூர் கப்பலை வச்சு ஒரு கணக்கு

வணக்கம் மக்களே. "நாலு நைட் சிங்கப்பூர் க்ரூஸ், ஆளுக்கு இவ்ளோதான்"னு விளம்பரம் வருதுல்ல, அந்தத் தொகையை வீட்ல இருக்கற ஆளுங்களால பெருக்கிட்டு இதான் மொத்தச் செலவுன்னு முடிவு பண்ணிடாதீங்க. கப்பல் கம்பெனிக்கு டிக்கெட் மட்டும் வருமானம் கிடையாது. ஏறினதுக்கு அப்புறம் நீங்க உள்ள பண்ற செலவும் அவங்களுக்கு பெரிய வருமானம். டிக்கெட் விலை உங்களை உள்ள கூப்பிடுறதுக்கு. மிச்ச வசூல் உள்ள நடக்கும்.

இன்னைக்கு ராயல் கரீபியன் கப்பலை எடுத்துக்கறேன். சிங்கப்பூர் மெரினா பே க்ரூஸ் சென்டர்ல ஏறி பினாங்கு, போர்ட் கிளாங், புக்கெட்னு சுத்திட்டு திரும்ப சிங்கப்பூர் வர்ற மாதிரி ரூட். வேற கம்பெனியில ரேட் மாறும், ஆனா கணக்கு போடுற முறை இதேதான். சென்னையிலேர்ந்து 2023 ஜூன்ல இலங்கைக்கு விட்டாங்களே கார்டீலியா எம்ப்ரஸ், அதுலயும் மது, ஸ்பா, கசினோ, கரையில ஊர் சுத்துறது எல்லாம் டிக்கெட்டுக்கு வெளியதான்.

முதல்ல விலையை எப்படி படிக்கறதுன்னு பார்த்துடலாம். விளம்பரத்துல இருக்கறது ட்வின் ஷேரிங் ரேட். அதாவது ஒரு கேபின்ல ரெண்டு பேர் தங்கினா ஆளுக்கு அவ்வளவு. தனியா போறீங்கன்னா பெரும்பாலும் ரெண்டு பேருக்கான கட்டணத்தையும் நீங்களே கட்டணும். வரியும் டிப்ஸும் மட்டும் ஒரு ஆளுக்கு. அதே கேபின்ல மூணாவது, நாலாவது ஆளா பசங்களைச் சேர்த்தா அவங்களுக்கு ரேட் குறையும், சில சீசன்ல "பசங்களுக்கு ஃப்ரீ"ன்னே போடுவாங்க. அந்த ஃப்ரீ கட்டணத்துக்கு மட்டும்தான். துறைமுக வரி, இதர கட்டணம், டிப்ஸ் மூணும் குழந்தைக்கும் உண்டு. அமெரிக்காவுல 2024 ஜூலையிலேர்ந்து பெரிய கம்பெனிங்க வரியையும் சேர்த்தே விலை காட்டுறாங்க, கலிஃபோர்னியா சட்டம் அப்படி. நம்ம ஊர் விளம்பரத்துல அதை எதிர்பார்க்காதீங்க. ஏஜென்ட்கிட்ட ஒரே கேள்வி கேளுங்க: "போர்ட் சார்ஜ், டாக்ஸ், டிப்ஸ், ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து எங்க குடும்பத்துக்கு மொத்தம் எவ்வளவு? வாட்ஸ்அப்ல எழுதி அனுப்புங்க." எழுதி வாங்கறது முக்கியம். டிசிஎஸ்னு, அதாவது பணம் வாங்கறப்பவே பிடிக்கற வரின்னு, ஒரு தொகையும் பிடிப்பாங்க. அது போயிடாது, உங்க பான் நம்பர்ல ஏறும், வருமான வரி தாக்கல் பண்றப்ப கழிச்சுக்கலாம். ஆனா கட்டுற அன்னைக்கு கையில இருந்துதான் போகும், அதனால பட்ஜெட்ல வைங்க.

இன்னொரு வார்த்தை, கேரன்டி கேபின். வகையை மட்டும் நீங்க சொல்லுவீங்க, எந்த ரூம்னு கம்பெனி பிறகு முடிவு பண்ணும். விலை குறைவு. ரெண்டு கேபின் எடுக்கற குடும்பம் இதை எடுக்காதீங்க, ஒண்ணு முன்னாடியும் ஒண்ணு கப்பல் வாலுலயும் விழலாம்.

சரி, டிக்கெட்டுக்குள்ள என்ன வருது? ரூம், ரூம் க்ளீனிங், மெயின் டைனிங் ரூம்ல இல்லன்னா விண்ட்ஜாமர் பஃபேயில சாப்பாடு, ப்ராமனேட்னு சொல்ற உள்கடைவீதி பக்கத்துல இருக்கற கஃபேயில சாண்ட்விச், பீட்சா, தியேட்டர் ஷோ, நீச்சல் குளம், ஜிம், ராக் க்ளைம்பிங், செயற்கை அலையில சறுக்கற ஃப்ளோரைடர். குடிக்கறதுக்கு தண்ணி, டீ, சாதா காபி, லெமனேட், காலையில ஜூஸ். குழாய்த் தண்ணியே குடிக்கலாம். ஒரு காலி பாட்டில் எடுத்துட்டுப் போய் பஃபே மெஷின்ல பிடிச்சுக்கோங்க. ரூம்ல அழகா வச்சிருக்கற பாட்டில் தண்ணியைத் திறந்தா பில் ஏறும்.

வெஜ், ஜெயின் சாப்பாட்டுக்கு தனிக் காசு கிடையாது. புக் பண்றப்பவே சொல்லிடுங்க, முதல் ராத்திரி டைனிங் ரூம்ல ஹெட் வெயிட்டர்கிட்ட இன்னொரு தடவை சொல்லுங்க. இந்திய வெஜ் ஐட்டம் பெரும்பாலும் மெனுவுலயே இருக்கும். ஆனா ரைஸ் குக்கர், கெட்டில், இண்டக்‌ஷன் ஸ்டவ்வை பெட்டியில போட்டுட்டுப் போகாதீங்க. ஸ்கேன்ல மாட்டும், வாங்கி வச்சுட்டு கடைசி நாள்தான் கொடுப்பாங்க. எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் அப்படித்தான். பிரிக்காத பாக்கெட் முறுக்கு, மிக்சருக்கு பிரச்சினை இல்ல.

சாப்பாட்டுல காசு வாங்கறது எங்கன்னா, சாப்ஸ் கிரில் மாதிரி ஸ்டீக் ஹவுஸ், இஸுமி ஜப்பான் உணவகம், ஜேமீஸ் இட்டாலியன். சிலதுல தலைக்கு ஒரு தொகை, சிலதுல ஐட்டத்துக்கு ஒரு விலை. கப்புச்சினோ, லாட்டே, அப்போ பிழிஞ்ச ஆரஞ்சு ஜூஸ், கோக், பெப்சி எல்லாத்துக்கும் காசு. ரூம் சர்வீஸ்ல காலை கான்டினென்டல் ப்ரேக்ஃபாஸ்ட் மட்டும் ஃப்ரீ, மத்ததுக்கு ஒவ்வொரு ஆர்டருக்கும் டெலிவரி சார்ஜ்.

இப்ப டிப்ஸ். இதைத்தான் நிறைய பேர் விட்டுடறாங்க. ராயல் கரீபியன்ல சாதா கேபினுக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 18.50 டாலர். சூட்னு சொல்ற பெரிய சொகுசு ரூமுக்கு 21 டாலர். வயசு பார்க்கறது கிடையாது, கைக்குழந்தைக்கும் அதே தொகை. நாலு பேர், நாலு நைட்டுன்னா 296 டாலர். இது உங்க பில்லுல தானா ஏறும். புக் பண்றப்பவே கட்டிட்டா பின்னாடி ரேட் ஏத்தினாலும் உங்களுக்குப் பழைய ரேட்தான். கப்பல்ல கெஸ்ட் சர்வீசஸ்னு ஒரு உதவி கவுன்டர் இருக்கும், அங்க போய் குறைக்கச் சொல்லலாம்தான், விதியில இடம் இருக்கு. ஆனா அது ரூம் பண்ற ஆளுக்கும் பரிமாறற ஆளுக்கும் போற காசு. சேவையில நிஜமாவே குறை இருந்தா ஒழிய அதுல கை வைக்காதீங்கன்னு சொல்லுவேன். மிச்சம் பிடிக்க வேற இடம் நிறைய இருக்கு.

இந்த டிப்ஸ் போக பார்ல, ஸ்பாவுல, ஸ்பெஷல் ரெஸ்டாரன்ட்ல ஒவ்வொரு பில்லுலயும் 18 சதவீதம் தனியா சேரும். மெனுவுல 14 டாலர்னு இருந்தா நீங்க கட்டுறது 16.52. பில்லுல கையெழுத்துப் போடற இடத்துக்கு மேல இன்னொரு "டிப்" கோடு இருக்கும். அது கூடுதலா தர்றவங்களுக்கு. அங்க ஒண்ணும் எழுதணும்னு இல்ல.

ட்ரிங்க்ஸ் பேக்கேஜ், அதாவது நாளுக்கு இவ்ளோன்னு முன்னாடியே கட்டிட்டு ஒவ்வொண்ணுக்கும் தனிக் காசு இல்லாம குடிக்கறது. இதுக்குக் கொஞ்சம் நேரம் கொடுக்கணும். மதுவும் சேர்ந்த டீலக்ஸ் பேக்கேஜ் விலை கப்பலுக்கு கப்பல், தேதிக்குத் தேதி மாறும். உதாரணத்துக்கு ஒரு நாளைக்கு 70 டாலர்னு வைங்க. மேல 18 சதவீதம் போட்டா 82.60. காக்டெயில் ஒண்ணு 16.52னா, ஒரு நாளைக்கு அஞ்சு குடிச்சாத்தான் கட்டின காசுக்குச் சரியா வரும். பீர் 9 டாலர்னா வரி மாதிரி அந்த 18ஐயும் சேர்த்து எட்டு பீர் குடிக்கணும். அதுவும் தினம். காலையில இறங்கி பினாங்கு சுத்திட்டு சாயந்தரம் வர்ற அன்னைக்கும் அதே எட்டு. இதுல இன்னொரு கட்டுப்பாடு: கேபின்ல ஒருத்தர் மது பேக்கேஜ் எடுத்தா, அதே கேபின்ல இருக்கற குடிக்கிற வயசு வந்த எல்லாரும் எடுக்கணும். வீட்டுக்காரர் குடிப்பார், வீட்டுக்காரம்மா குடிக்கமாட்டாங்கன்னா கணக்கு அப்படியே கவிழ்ந்துடும். ஒண்ணு ரெண்டு குடிக்கறவங்க தனித்தனியா வாங்கிக்கறதுதான் லாபம். காபி, ஜூஸ், கோக் அதிகம் குடிக்கிற ஆளா இருந்தா மது இல்லாத ரெஃப்ரெஷ்மென்ட் பேக்கேஜைப் பாருங்க, அதையும் இதே மாதிரி வகுத்துப் பார்த்துட்டு வாங்குங்க.

பேக்கேஜே இல்லாம சமாளிக்க ஒரு வழி இருக்கு. ஏறுற அன்னைக்கு ஒரு கேபினுக்கு அரை லிட்டருக்கு மேல போகாத கேன் இல்லன்னா பாட்டில் 12 வரைக்கும் கூல்ட்ரிங்க்ஸ் எடுத்துட்டுப் போக விடுறாங்க. வயசு வந்தவங்களுக்கு ஆளுக்கு ஒரு 750 மில்லி வைன் பாட்டில். கையில எடுத்துட்டுப் போகணும், செக்-இன் பெட்டியில போடக்கூடாது. அந்த வைனை டைனிங் ரூமுக்குக் கொண்டு போனா ஒரு பாட்டிலுக்கு 15 டாலர் கார்க்கேஜ், அதாவது பாட்டில் திறக்கற கட்டணம். ரூம்லயே குடிச்சா ஒண்ணும் இல்ல. விஸ்கி, ரம், பீருக்கு அனுமதி கிடையாது.

நார்வீஜியன் மாதிரி சில கம்பெனியில "ட்ரிங்க்ஸ் ஃப்ரீ"ன்னு சேர்த்தே விப்பாங்க. பேக்கேஜ் விலையைத்தான் விட்டுக் கொடுப்பாங்க, அந்த விலை மேல வர்ற சர்வீஸ் சார்ஜை நீங்க கட்டணும். அங்க அது 20 சதவீதம்.

வைஃபை, பேக்கேஜ், டூர் எதுவா இருந்தாலும் கப்பல்ல ஏறி வாங்காதீங்க. கம்பெனி வெப்சைட்ல புக்கிங் நம்பரைப் போட்டு க்ரூஸ் ப்ளானர் பேஜுக்குப் போனா முன்கூட்டி வாங்கலாம், பெரும்பாலும் அங்க குறைவு. அங்கயே விலை ஏறி இறங்கும். வாங்கினதுக்கு அப்புறம் இறங்கிச்சுன்னா பழசை கேன்சல் பண்ணிட்டு புதுசா வாங்கிக்கலாம். புறப்பட ரெண்டு மூணு நாளுக்கு முன்னாடி இதை முடிச்சுடுங்க. வைஃபை டிவைஸ் கணக்கு. ஒரு டிவைஸுக்கு வாங்கி ஒருத்தர் லாக் அவுட் பண்ணி இன்னொருத்தர் லாக் இன் பண்ணிக்கலாம். நாலு பேருக்கும் நாலு வாங்கணும்னு அவசியம் இல்ல.

போன் விஷயத்துல ஒரு பெரிய ஓட்டை. கரையை விட்டு தள்ளிப் போனதும் கப்பலோட சொந்த மொபைல் நெட்வொர்க் வரும். உங்க சிம் அதுல தானா ஒட்டிக்கும். சிங்கப்பூர், மலேசியா ரோமிங் பேக் அதுல செல்லாது, அது கடல் நெட்வொர்க். கப்பல் கிளம்பறதுக்கு முன்னாடி ஏரோப்ளேன் மோட் போட்டுட்டு வைஃபையை மட்டும் ஆன் பண்ணுங்க. கையில சும்மா இருக்கற போன்கூட பின்னணியில அப்டேட் இழுக்கும்.

கரையில சுத்துறதுக்கு எல்லா ஊருக்கும் ஒரே பதில் கிடையாது. பினாங்குல கப்பல் நிக்கறது ஸ்வெட்டன்ஹாம் பியர், அதுவே ஜார்ஜ் டவுன்லதான் இருக்கு. இறங்கி நடந்தே லிட்டில் இந்தியா போயிடலாம், குயின் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயில் அங்கதான். அங்க கப்பல் டூர் வாங்கறது வீண் செலவு. போர்ட் கிளாங் அப்படி இல்ல. கோலாலம்பூர் ஒரு மணி நேரத்துக்கு மேல, டிராஃபிக்ல மாட்டினா இன்னும் கூட. கப்பல் டூர்ல போனா லேட் ஆனாலும் கப்பல் காத்திருக்கும். சொந்த டாக்ஸியில போய் லேட் ஆனா காத்திருக்காது, அடுத்த ஊருக்கு உங்க செலவுல போய்ச் சேரணும். அதனால போர்ட் கிளாங்ல மட்டும் கப்பல் டூர் பரவாயில்ல, இல்லன்னா ரெண்டு மூணு மணி நேரம் கையில வச்சுக்கிட்டு திரும்புங்க. புக்கெட்ல பெரிய கப்பல் படோங் கடற்கரைக்கு வெளிய நங்கூரம் போட்டுட்டா சின்ன படகுல கரைக்கு விடுவாங்க. அந்தப் படகு ஃப்ரீ, ஆனா வரிசை நீளம். வானிலையால ஒரு துறைமுகத்தை விட்டுட்டாங்கன்னா டிக்கெட் காசு திரும்ப வராது. அந்தத் துறைமுக வரியும், கப்பல்கிட்ட வாங்கின டூர் காசும் மட்டும் வரும்.

விசாவும் செலவுதான். கப்பல் மலேசியா போயிட்டுத் திரும்பறப்ப நீங்க சிங்கப்பூருக்குள்ள ரெண்டாவது தடவை நுழையறீங்க. விசா மல்டிபிள் என்ட்ரியான்னு பாருங்க, சிங்கப்பூருக்குள்ள நுழைய ஆன்லைன்ல போடற எஸ்ஜி அரைவல் கார்டையும் ரெண்டாவது தடவை போடணும், அதுக்குக் கட்டணம் இல்ல.

பசங்க பக்கம். மூணு வயசு முடிஞ்ச பசங்களுக்கான கிளப் ராத்திரி பத்து மணி வரைக்கும் ஃப்ரீ, அதுக்கு மேல மணிக் கணக்கு. அதை விட ஆபத்து வீடியோ கேம் ஆர்கேட். ரூம் சாவி கார்டையே தட்டி விளையாடலாம், காசு உங்க கணக்குல ஏறும். முதல் நாளே கெஸ்ட் சர்வீசஸ்ல போய் பசங்க கார்டுல செலவைப் பூட்டச் சொல்லுங்க.

கப்பல் டாக்டரைப் பார்த்தா பில் டாலர்ல, சாதா காய்ச்சலுக்கே கனமா வரும். நம்ம ஊர் மெடிக்கல் பாலிசி பொதுவா அங்க உதவாது. ட்ராவல் இன்ஷூரன்ஸ் எடுக்கறப்ப க்ரூஸ் கவர் ஆகுமான்னு கேட்டு எடுங்க. முதல்ல நீங்க கட்டிட்டு பிறகு க்ளெய்ம் பண்ணணும், அதனால டாக்டர் சீட்டு, பில் எதையும் தொலைக்காதீங்க.

கடைசியா பணம் கட்டுற முறை. கப்பலுக்குள்ள ரொக்கம் ஓடாது, எல்லாம் ஸீபாஸ் கார்டுல, அதான் அந்த ரூம் சாவி கார்டுல ஏறும், அதுக்குப் பின்னாடி உங்க கார்டை இணைச்சு வைப்பாங்க. டெபிட் கார்டோ ஃபாரெக்ஸ் கார்டோ கொடுக்காதீங்க. அப்பப்போ ஒரு தொகையைப் பிடிச்சு வைப்பாங்க, கப்பல் முடிஞ்சும் அது விடுபட நாள் கணக்குல ஆகும், அதுவரைக்கும் உங்க காசு உங்களுக்குக் கிடையாது. கிரெடிட் கார்டு கொடுங்க. ரூபாயில கட்டுறீங்களா, டாலர்லயான்னு கேட்டா டாலர்னு சொல்லுங்க, ரூபாய்னு சொன்னா அவங்க போடற மாற்று விகிதத்துல அடி விழும். அது போக வெளிநாட்டுப் பணத்துல கட்டுறதுக்கு உங்க பேங்க் போடற கூடுதல் கட்டணம், மார்க்-அப், 3.5 சதவீதம் வரைக்கும் இருக்கலாம்.

பில்லை தினம் ராத்திரி கப்பல் கம்பெனி ஆப்ல பாருங்க. வாங்காத காபி, ரெண்டு தடவை ஏறின சார்ஜ் எல்லாம் வரும். கடைசி நாள் காலையில கெஸ்ட் சர்வீசஸ்ல நிக்கற வரிசையைப் பார்த்தீங்கன்னா, பத்து டாலருக்காக நிக்கணுமான்னு விட்டுட்டு இறங்கிடுவீங்க. முந்தின நாள் மதியம் எல்லாரும் சாப்பிடப் போற நேரம் பாருங்க, அப்ப போனா அஞ்சு நிமிஷத்துல சரி பண்ணிக் கொடுத்துடுவாங்க.