இரண்டு முறை திட்டு வாங்குகிறவர்கள்

அவைக்கு வணக்கம். எடை குறைக்கும் ஊசிகளைப் பற்றிப் பேசச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறீர்கள். மருந்தின் நல்லது கெட்டதை எனக்கு அடுத்துப் பேசப்போகும் டாக்டரம்மா சொல்வார். நான் அதைப் போட்டுக்கொள்ளும் மனிதர்களைப் பற்றிப் பேசுகிறேன். நானும் அவர்களில் ஒருவன்தான்.

1961-இல் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் ஜீன் நைடெட்ச் என்ற பெண்மணி இருந்தார். எடை ஏறக்குறைய 97 கிலோ. கடையில் எதிர்ப்பட்ட தெரிந்த பெண் ஒருவர், "நல்லா இருக்கீங்களே, பிரசவம் எப்போ?" என்று கேட்டுவிட்டார். நைடெட்ச் கர்ப்பமாக இல்லை! (இந்தக் கேள்வி கேட்கப்படாத கல்யாண வீடு நம் ஊரிலும் கிடையாது.) நகர சுகாதாரத் துறை நடத்திய எடைக்குறைப்பு மையத்தில் சேர்ந்தார். உணவுப் பட்டியல் கொடுத்தார்கள். பட்டியலில் பிழை இல்லை. ஆனால் பிஸ்கட்டை ஒளித்துவைத்துத் தின்பதை அங்கே வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. ஆறு தோழிகளை வீட்டுக்கு அழைத்தார், அவர்களிடம் சொன்னார். அவர்களும் தங்கள் கதையைச் சொல்ல ஆரம்பித்தார்கள். அந்தப் பேச்சிலிருந்துதான் 1963-இல் வெயிட் வாட்சர்ஸ் நிறுவனம் பிறந்தது.

பல பத்தாண்டுகள் கட்டுப்பாட்டையும் மன உறுதியையும் போதித்த அந்த நிறுவனம், 2023-இல் இந்த ஊசிகளை எழுதிக்கொடுக்கும் ஒரு மருத்துவச் சேவையை விலைக்கு வாங்கியது. 2025-இல் கடன் சுமை தாங்காமல் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. பட்டியல்களின் காலம் முடிந்துவிட்டது என்றே நினைக்கிறேன். அந்த ஆறு தோழிகளின் காலம் முடியவில்லை.

நாம் சாப்பிட்டதும் குடலில் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன் சுரக்கிறது. 'போதும்' என்று மூளைக்குச் சொல்வது அதன் வேலைகளில் ஒன்று. இந்த ஊசிகளில் ஒன்றான செமாகுளுடைடு அதன் நகலைப் போன்றது, ஆனால் உடலில் பல நாள் தங்குகிறது. 2021-இல் வெளியான பெரிய ஆய்வில், 68 வாரத்தில் இதைப் போட்டுக்கொண்டவர்களின் எடை சராசரியாக 15 சதவீதம் குறைந்தது. மருந்தில்லாத வெற்று ஊசி போட்டவர்களுக்கு 2.4 சதவீதம்தான். இரண்டு தரப்புக்கும் ஒரே உணவு ஆலோசனை, ஒரே உடற்பயிற்சி ஆலோசனை. அப்புறம் ஊசியையும் ஆலோசனையையும் நிறுத்தினார்கள். ஓராண்டில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. அதே ஆட்கள், அதே மன உறுதி. பசி என்பது குணத்தின் கோளாறு என்று இன்னும் நம்புகிறவர்கள் இந்த ஒரு தகவலை வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

யோசிக்கிறார்களா? இல்லை. குண்டாக இருந்தபோது "வாயைக் கட்டு" என்று திட்டினார்கள். ஊசி போட்டு இளைத்தால், "ஓ, ஊசியா? அப்ப இது உன் உழைப்பு இல்லையே" என்கிறார்கள். ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை போடுகிறவரைக் குறுக்குவழியில் போகிறார் என்று யாராவது சொன்னதுண்டா? இப்படி இரண்டு முறை திட்டு வாங்குகிற நோயாளி வேறு யாரும் எனக்குத் தெரிந்து இல்லை. அதனால் மறைக்கிறார்கள். ஃபிரிட்ஜில் காய்கறிக்குப் பின்னால் ஊசி ஒளிந்திருக்கிறது. மாமியாருக்குத் தெரியாது, சில வீடுகளில் கணவனுக்கே தெரியாது.

அப்படி மறைக்கிறவர்கள் இணையக் குழுக்களில் ஒருவரையொருவர் கண்டுபிடித்துக்கொள்ளும்போது நடப்பதைத்தான் சொல்ல வந்தேன். செமாகுளுடைடை 0.25 மில்லிகிராமில் தொடங்கி, படிப்படியாக ஏற்றி, 2.4-ஐத் தொட நான்கு மாதம் ஆகும். அந்த ஆய்விலேயே மருந்து போட்டுக்கொண்டவர்களில் நூற்றுக்கு 44 பேருக்குக் குமட்டல் வந்தது. டாக்டர் இதைச் சொல்லித்தான் அனுப்புவார். ஆனால் குமட்டுவது ராத்திரி இரண்டு மணிக்கு. அந்த நேரத்தில் நமக்கு இரண்டு மாதம் முன்னால் இதைக் கடந்த ஒருவர், "எண்ணெய்ப் பண்டம் சாப்பிட்டீங்களா? நாளைக்குக் கொஞ்சம் கொஞ்சமா சாப்பிடுங்க. தண்ணியை மடமடன்னு குடிக்காதீங்க" என்று எழுதுகிறார். முகம் தெரியாது, ஊர் தெரியாது. எத்தனை கிலோ குறைந்தது என்று அவர் கேட்கவே இல்லை, கவனியுங்கள்.

எங்களோடு ஒரு அக்கா இருக்கிறார். மாதக்கணக்கில் எடை அசையவில்லை. 'எனக்கு மட்டும் வேலை செய்யலை' என்று அழுதார். யாரும் அறிவுரை சொல்லவில்லை. ஒருவர் மட்டும், "மாடிப்படி ஏறினா இப்பவும் மூச்சு வாங்குதா?" என்று கேட்டார். அக்கா யோசித்துப் பார்த்துவிட்டு, வாங்கவில்லை என்றார்.

இந்தப் பரிவுக்கு எல்லையும் வேண்டும். அமெரிக்காவில் 2022 முதல் ஏற்பட்ட மருந்துத் தட்டுப்பாடு 2025 பிப்ரவரி வரை நீடித்தது. எந்தக் கடையில் சரக்கு வந்திருக்கிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அது அருமை. ஆனால் தன் ஊசிப் பேனாவில் மிச்சமிருப்பதை இன்னொருவருக்குக் கொடுப்பது அருமை இல்லை. ஊசிமுனையை மாற்றினாலும் பேனா வழியாகத் தொற்று போகும். அதேபோல், ஒருவர் வயிற்றில் கடும் வலி, முதுகு வரை பரவுகிறது என்கிறார். அது கணைய அழற்சியாக இருக்கலாம். அப்போது போய் இஞ்சிச் சாறு சொல்லிக்கொடுக்கிறவர் நல்லவர்தான், ஆனால் ஆபத்தான நல்லவர். "இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க" என்பதற்கு மேல் அங்கே பேச்சு வேண்டாம்.

காசு விஷயத்தை யாரும் பேசுவதில்லை. 2025 மார்ச்சில் மௌஞ்சாரோ என்ற இன்னொரு எடைக்குறைப்பு ஊசி இந்தியாவுக்கு வந்தபோது 2.5 மில்லிகிராம் குப்பி 3,500 ரூபாய். வாரம் ஒன்று என்றால் மாதம் 14,000. எத்தனை குடும்பங்களால் தொடர்ந்து முடியும்? முடியாதவர் நிறுத்துகிறார். எடை திரும்புகிறது. அவர் சத்தமில்லாமல் விலகிப்போய்விடுகிறார். எங்களிடம் நான் கண்ட பெரிய குறை இதுதான். இளைத்தவரின் படத்துக்கு நூறு வாழ்த்து விழுகிறது, நிறுத்தியவரை யாரும் தேடுவதில்லை. இப்போது நாங்கள் சிலர், காணாமல் போனவர்களுக்கு நாங்களாகவே செய்தி அனுப்புகிறோம். எடையைப் பற்றி இல்லை. பையன் பரீட்சை எழுதிவிட்டானா, முழங்கால் வலி எப்படி இருக்கிறது, அவ்வளவுதான். சிலர் பதில் போடுகிறார்கள்.

சரி, நேரம் ஆகிவிட்டது. டோஸ் பற்றிய கேள்வி என்றால் என்னிடம் வேண்டாம், டாக்டரம்மாவிடம் கேளுங்கள். வீட்டில் எப்படிச் சொல்வது என்ற கேள்வி என்றால், நான் வெளியே டீ மேசைப் பக்கம்தான் நிற்பேன். தனியாக வந்தும் கேட்கலாம்.