பாஸை அழைப்பதற்கு முன்

நேயர்களுக்கு வணக்கம்.

என் தந்தை தலவாக்கலைப் பக்கத்தில் மேசன் வேலை செய்தவர். மேசன், தச்சர் போன்ற தொழிலாளரை எங்கள் பக்கத்தில் 'பாஸ்' என்று அழைப்பார்கள்; ஊரில் எல்லோருக்கும் அவரும் 'பாஸ்'தான். வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு, மிச்சக் கூலிக்காக மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஒரே வீட்டு வாசலில் அவர் நின்றதை நான் சிறுமியாக இருந்தபோது பார்த்திருக்கிறேன். வளர்ந்து, ஆசிரியையாகி, சொந்த வீட்டில் குடியேறிய பிறகு ஒரு பாஸிடம் பணத்தைப் பறிகொடுத்தும் இருக்கிறேன். இரண்டு பக்கத்து வலியும் தெரிந்தவள் என்பதால் சொல்கிறேன்: நாம் விலையைப் பேசுகிற அளவுக்கு வேலையைப் பேசுவதில்லை. நஷ்டம் அங்கேதான் தொடங்குகிறது.

நான் ஏமாந்தது நுவரெலியாவில், ஒரு பெப்ரவரி மாதத்தில். வாரக்கணக்கில் மழை இல்லை. விடியற்காலையில் புல்லின் மேல் உறைபனி படிந்திருக்கும். ஆனால் எங்கள் கூரைத் தகரத்திலிருந்து படுக்கையின் மேல் தண்ணீர் சொட்டியது. வந்தவர் ஏணி கூட வைக்கவில்லை. கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, "தகரமெல்லாம் போய்விட்டது டீச்சர், முழுக்க மாற்ற வேண்டும்" என்றார். கூலியில் கொஞ்சம் குறைத்ததும் எனக்கு மனம் நிறைந்துவிட்டது. மாற்றினோம். அடுத்த பெப்ரவரியில் புதுத் தகரமும் அதேபோலச் சொட்டியது.

அது ஒழுக்கே இல்லை. தகரம் வியர்த்திருக்கிறது. குளிருக்குப் பயந்து ஜன்னல்களை இறுக அடைக்கிறோம், உள்ளே வெந்நீர் காய்ச்சுகிறோம், ஒரே அறையில் நான்கைந்து பேர் மூச்சு விட்டுத் தூங்குகிறோம். அந்த ஈரக் காற்று குளிர்ந்த தகரத்தில் பட்டு நீராகிறது. எங்களுக்குத் தேவைப்பட்டது ஒரு சீலிங்கும், காற்று வெளியேற வழியும்தான். மழையில்லாத நாளில் சொட்டுகிறதா என்று யாராவது ஒருவர் கேட்டிருந்தால் அந்தப் பணம் மிஞ்சியிருக்கும். நானும் கேட்கவில்லை.

உண்மையான ஒழுக்கைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். வெயில் நேரத்தில் விளக்கை அணைத்து, ஜன்னலை மூடிவிட்டுக் கூரையைப் பாருங்கள். ஓட்டை இருக்கும் இடத்தில் வெளிச்சம் புள்ளியாகத் தெரியும். பெரும்பாலும் அது ஆணி அடித்த இடமாகவே இருக்கும். வளைத்தகரத்தில் ஆணியை மேட்டில் அடிக்க வேண்டும். பள்ளத்தில் அடித்தால் ஓடும் தண்ணீர் அதன் வழியே இறங்கும். ஆணிக்கடியில் உள்ள ரப்பர் வாஷர் இற்றுப்போனாலும் ஒழுகும். வாஷரை மாற்றினால் தீருகிற வேலைக்குக் கூரையையே கழற்ற வேண்டியதில்லை. தண்ணீர் சாய்வில் ஓடிவந்து வேறோர் இடத்தில் சொட்டும் என்பதையும் மறக்கக் கூடாது. ஈரம் விழும் இடத்துக்கு நேர் மேலே பார்க்காமல், சரிவின் மேல்பக்கமாகத் தேடுங்கள்.

சுவர் வெடிப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2025 நவம்பரில் வந்த புயலுக்குப் பிறகு மலையகத்தில் இதைச் சொல்லாமல் இருக்க முடியாது. வெடிப்பு அகன்றுகொண்டே போனால், கதவு ஜன்னல் திடீரென்று இறுகினால், முற்றத்து மண்ணிலும் பிளவு தெரிந்தால், மேசனை அழைத்துப் பூசிவிடாதீர்கள். நகர்வது சுவர் அல்ல, நிலமாக இருக்கலாம். கிராம உத்தியோகத்தரிடம் உடனே சொல்லுங்கள். மண்சரிவு அபாயத்தைப் பரிசோதிப்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் வேலை. அந்த வெடிப்பைப் பூசி மறைத்துவிட்டால் நமக்குக் கிடைத்த எச்சரிக்கையையும் மறைத்துவிடுகிறோம்.

இனிப் பொருள் கணக்கு. கூலி வேறு, பொருள் வேறு என்று முதலிலேயே பிரித்துவிடுங்கள். முடிந்தால் பொருளை நீங்களே கடையில் வாங்கி, பற்றுச்சீட்டைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கியூப் மணல் 100 கன அடி. 50 கிலோ சீமெந்து மூடை ஏறத்தாழ ஒன்றேகால் கன அடி. சீமெந்து ஒன்றுக்கு மணல் ஐந்து என்று கலவை போட்டால் ஒரு கியூப் மணலுக்குச் சுமார் 16 மூடை போதும். அரை கியூப் மணலை இறக்கிவிட்டு 15 மூடை சீமெந்து கேட்டால், ஏன் என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. நமது ஊர்களில் இன்னொரு செலவும் உண்டு. லொறி பாதையோடு நின்றுவிடும்; அங்கிருந்து படிக்கட்டில் சுமந்து ஏற்ற வேண்டும். அந்தச் சுமைகூலி யாருடையது என்று பேசாமல் விட்டதால் சண்டையான வீடுகள் எத்தனையோ.

நாட்கூலியா, மொத்த ஒப்பந்தமா என்று கேட்கிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத சிறு வேலைக்கு நாட்கூலி சரி. அளந்து சொல்லக்கூடிய வேலைக்கு ஒப்பந்தமே நல்லது. நாட்கூலி என்றால் மழையைப் பற்றிப் பேசிவிடுங்கள். ஹட்டன் பக்கத்தில் ஜூன் மாதம் பத்து மணிக்கு மழை பிடித்தால் அன்று முழுக் கூலியா, அரைக் கூலியா? கூரை வேலையை மழைக்காலம் வரும்வரை தள்ளிப்போடவும் வேண்டாம். எல்லார் வீடும் ஒழுகும்போது பாஸ்மாரும் கிடைக்கமாட்டார்கள், கூலியும் ஏறிவிடும். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருப்பவர்கள் கூரையிலோ சுவரிலோ கை வைக்கும் முன் தோட்ட நிர்வாகத்தின் அனுமதியை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள். வேலை நகர நகரக் கொடுங்கள். கூரை வேலையில் கடைசிப் பங்கை ஒரு நல்ல மழை பெய்யும் வரை வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதை முதல் நாளே பாஸிடம் சொல்லியிருக்க வேண்டும். மழை பெய்து, ஒழுகவில்லை என்றால் அன்றைக்கே கொடுத்துவிட வேண்டும்.

கடைக்காரர் பற்றுச்சீட்டுத் தர மறுத்தால் நுகர்வோர் விவகார அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். பாஸுடன் பணப் பிரச்சினை முற்றினால், நீதிமன்றம் என்று அஞ்ச வேண்டாம். 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த மத்தியஸ்த சபைகள் இருக்கின்றன. அங்கே இருவரையும் உட்காரவைத்துப் பேசுவார்கள். கையில் ஒரு தாள் இருந்தால் அந்தப் பேச்சு சீக்கிரம் முடியும்: என்ன வேலை, எத்தனை தகரம், எவ்வளவு கூலி, எப்போது பணம். கீழே இருவரின் கையெழுத்து.

கேட்டுக்கொண்டிருக்கும் பாஸ்மாரிடம் ஒரு வேண்டுகோள். வீட்டுக்காரர் தாளும் பேனையும் எடுத்து வந்தால், சந்தேகப்படுகிறார் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். என் தந்தை எல்லாவற்றையும் வாய்ப்பேச்சிலேயே முடித்தார். அந்த மூன்று ஞாயிறும், "அவ்வளவா பேசினோம்?" என்றுதான் வீட்டுக்காரர் அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். காட்டுவதற்கு அவர் கையில் எதுவும் இல்லை.

வணக்கம்.