மசோவியா: வாரிசுகளால் பிரிந்து, வாரிசின்றி முடிந்த சிற்றரசு

[காட்சி: விஸ்துலா ஆறு, கரையில் வார்சாவின் பழைய நகரம்]

இன்று போலந்தின் தலைநகராக விளங்கும் வார்சா, 1526 வரை போலந்து மன்னரின் நேரடி ஆட்சியில் இருக்கவில்லை. அது மசோவியா என்ற தனிச் சிற்றரசின் நகரம். அதை ஆண்டவர்களும் போலந்தின் பழைய அரச குலமான பியாஸ்ட் வழியினரே.

மசோவியாவின் கதை ஒரு பாகப்பிரிவினையில் தொடங்குகிறது. 'கோணல்வாயர்' என்று அழைக்கப்பட்ட மூன்றாம் போலெஸ்வாஃப் 1138-இல் இறந்தபோது, பங்காளிச் சண்டை வரக்கூடாது என்று எண்ணி, நாட்டைத் தம் மகன்களுக்குப் பிரித்துக் கொடுத்து, மூத்தவருக்கு மற்றவர்கள் கட்டுப்பட வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். சண்டை அதனால் நிற்கவில்லை. நாடு சிதறியதுதான் மிச்சம். மசோவியா அவருடைய மகன் நான்காம் போலெஸ்வாஃபின் பங்காயிற்று.

[காட்சி: வரைபடம்; மசோவியாவின் வடக்கே பிரஷ்யர் நிலம்]

இக்குலத்தில் அதிகம் பேசப்படுபவர் 1247-இல் மறைந்த முதலாம் கொன்ராட். வடக்கில் வாழ்ந்த பழைய பிரஷ்யர்கள் கிறித்தவத்தை ஏற்காதவர்கள்; அவர்கள் மசோவியாவை ஓயாது சூறையாடினர். அவர்களை எதிர்த்து எல்லையைக் காத்துவந்த க்ரிஸ்தின் என்ற தலைவரை 1217-இல் கொன்ராடே கொல்லச் செய்தார். தன் வேலியைத் தானே பிடுங்கிவிட்டு, அதன் பிறகு வெளியிலிருந்து காவலரைத் தேடியவர் அவர் என்றே சொல்ல வேண்டும். அந்தக் காவலர்கள்தான் டியூட்டானிய வீரத் துறவிகள் என்ற ஜெர்மானியச் சிலுவைப்போர் அமைப்பினர். கொன்ராட் அவர்களுக்கு ஹெல்ம்னோ நிலப்பகுதியை அளிக்க முன்வந்தார். அவர்களோ 1226-இல் புனித ரோமானியப் பேரரசர் இரண்டாம் பிரெடெரிக்கிடமிருந்து, தாங்கள் வென்றெடுக்கும் பிரஷ்ய நிலமும் தங்களுக்கே உரியது என்ற சாசனத்தைக் கையில் வாங்கிக்கொண்டுதான் களத்தில் இறங்கினர். உதவிக்கு வந்தவர்கள் பிரஷ்யாவை வென்று தனி அரசு அமைத்தார்கள். 1308-இல் போலந்தின் துறைமுக நகரான க்டான்ஸ்கையும் கைப்பற்றினார்கள். கொன்ராடின் மகன் முதலாம் ஷெமோவித் 1262-இல் லிதுவேனியரின் படையெடுப்பில் யாஸ்தூஃப் என்ற இடத்தில் கொல்லப்பட்டார். அந்த இடம் இன்றைய வார்சாவுக்குள் இருக்கிறது.

அதன் பின் மசோவியாவும் தலைமுறைதோறும் பிரிந்து பிரிந்து சிறுத்தது. 1351-இல் மசோவியக் கோமகன்கள் போலந்து மன்னர் மகா கசிமிருக்குக் கீழ்ப்படிந்தனர். சிதறிய பங்குகளைப் பெருமளவு மீண்டும் ஒன்றுசேர்த்த மூன்றாம் ஷெமோவித், 1381-இல் இறந்தபோது, தாம் சேர்த்ததை மறுபடியும் இரண்டு மகன்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்! இளையவரான நான்காம் ஷெமோவித், வாரிசுக் குழப்பத்தில் இருந்த போலந்து அரியணைக்கே போட்டியிட்டுத் தோற்றார். பிறகு, அந்த அரியணையில் அமர்ந்த யாகியேவோவின் தங்கை அலெக்சாந்திராவை மணந்துகொண்டார். மூத்தவரான முதலாம் யானுஷ் அமைதியானவர். தலைநகரைச் செர்ஸ்கிலிருந்து வார்சாவுக்கு மாற்றியவர் அவரே. 1410-இல் க்ருன்வால்டில் டியூட்டானியரை வீழ்த்திய படையில் இரு சகோதரர்களின் வீரர்களும் இருந்தார்கள்.

நான்காம் ஷெமோவித்தின் வழி முதலில் அற்றுப்போனது. 1462-இல் அவர்களுடைய ராவா பகுதி போலந்துடன் இணைந்தது. 1495-இல் ப்வோட்ஸ்க் நகரமும் மன்னரிடம் சென்றது. கிளை தழைக்காத இடமெல்லாம் மன்னரின் பங்காக மாறியது.

[காட்சி: வார்சாவின் புனித யோவான் பேராலயம்]

மிஞ்சியது கொன்ராடின் பெயரைக் கொண்ட இன்னொருவரான மூன்றாம் கொன்ராடின் குடும்பம். அவர் 1503-இல் இறந்தபோது மகன்கள் ஸ்தனிஸ்வாஃபும் யானுஷும் குழந்தைகள். தாய் அன்னா ராட்சிவில் அவர்கள் சார்பில் ஆண்டார். 1524-இல் ஸ்தனிஸ்வாஃபும், 1526 மார்ச்சில் மூன்றாம் யானுஷும் இருபதுகளின் தொடக்கத்திலேயே மரணமடைந்தார்கள். நஞ்சு வைக்கப்பட்டது என்ற பேச்சு எழுந்தது. போலந்து மன்னர் முதலாம் சிகிஸ்மண்டின் மனைவியான அரசி போனாவின் மீதும் சந்தேகம் விழுந்தது. மன்னர் நடத்திய விசாரணை 1528-இல் மரணம் இயற்கையானதே என்று முடிவு கூறியது. ஆதாயம் பெற்றவரே விசாரித்தார் என்பதால் ஐயம் முழுவதும் தீரவில்லை. உள்ளூர்ப் பிரபுக்கள், இறந்த இருவரின் சகோதரி அன்னாவுக்கு ஆட்சி வேண்டும் என்று கேட்டனர். மன்னர் மறுத்தார். 1529-இல் இணைப்பு முறைப்படி நிறைவேறியது.

சகோதரர் இருவரும் கவசத்துடன் அருகருகே கிடக்கும் செம்பளிங்குக் கல்லறைப் பலகை இந்தப் பேராலயத்தில் இருக்கிறது. ஆட்சி மறுக்கப்பட்ட அந்த அன்னாதான் அதைச் செய்வித்தார்.