உதவி பெற்ற சிறுவர்களின் வாழ்க்கை ஏன் மோசமானது? சமூகக் கொள்கைப் பகுப்பாய்வு படிக்க நினைப்பவர்களுக்கு ஒரு வீடியோ

(திரையில்: சுண்டிவிட்ட நாணயம் ஒன்று காற்றில் சுழல்கிறது)

இரண்டு சிறுவர்கள். ஏறக்குறைய ஒரே வயது, ஒரே மாதிரியான குடும்பம், ஒரே மாதிரியான தெரு. ஒரு நாணயத்தைச் சுண்டுகிறார்கள். ஒருவனுக்கு அதிர்ஷ்டம் அடிக்கிறது. அடுத்த ஐந்தாண்டுகளுக்கு அவன் வீட்டுக்கு மாதம் இரண்டு முறை ஓர் ஆலோசகர் வருகிறார். பாடம் சொல்லித்தர ஆள் கிடைக்கிறது, உடம்பு சரியில்லை என்றால் மருத்துவரிடம் அழைத்துப்போக ஆள் கிடைக்கிறது. மற்றவனுக்கு எதுவும் இல்லை. 30 ஆண்டுகள் கழித்து இருவரையும் தேடிப்பிடித்தால் யாருடைய வாழ்க்கை நன்றாக இருந்திருக்கும்?

உங்கள் பதிலை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உண்மையாகவே எழுதுங்கள், பிறகு தேவைப்படும்.

வணக்கம் நண்பர்களே. சமூகக் கொள்கைப் பகுப்பாய்வு என்ற இளநிலைப் பட்டப்படிப்பைப் பற்றித்தான் இன்றைய வீடியோ. பெயர் கொஞ்சம் கனமாக இருக்கிறது. ஆனால் அந்த நாணயம் எங்கே விழுந்தது என்று தெரிந்தபிறகு, இந்தப் படிப்பை உங்களால் மறக்க முடியாது.

விளக்கத்தை விரைவாக முடித்துவிடுகிறேன். ஓய்வூதியம், கல்வி உதவித்தொகை, வேலை இழந்தவர்களுக்கான நிதி, பொது மருத்துவம், மலிவு வாடகை வீடுகள், குழந்தைகள் காப்பகம் என்று மனிதர்களின் நல்வாழ்வுக்காக அரசுகள் எடுக்கும் முடிவுகள்தாம் சமூகக் கொள்கை. அந்த முடிவு யாரைச் சென்றடைந்தது, யாரை விட்டுவிட்டது, அதனால் என்ன மாறியது என்று ஆராய்வது பகுப்பாய்வு. பொருளியல், சமூகவியல், அரசியல், புள்ளியியல் ஆகிய நான்கும் இதில் சேர்ந்து வரும்.

வரலாறும் இரண்டே வரிதான். 1942இல் பிரிட்டனில் வில்லியம் பெவரிட்ஜ் என்ற பொருளியலாளர் சமூகக் காப்பீடு பற்றிய தம் அறிக்கையில் வறுமை, நோய், அறியாமை, சுகாதாரமற்ற வாழ்விடம், வேலையின்மை என்று ஐந்து அரக்கர்களை அடையாளம் காட்டினார். 1950இல் லண்டன் பொருளியல் பள்ளியில் இந்தத் துறைக்கு முதல் பேராசிரியராக வந்தவர் ரிச்சர்ட் டிட்மஸ். அவர் பல்கலைக்கழகப் பட்டமே இல்லாதவர், பல ஆண்டுகள் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தவர். பட்டம் இல்லாத ஒருவர் வளர்த்துவிட்ட துறையில் இன்று நாம் பட்டம் வாங்குகிறோம் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

சரி, நாணயத்துக்கு வருவோம்.

(திரையில்: பழைய கறுப்பு வெள்ளைத் தெரு, வாசற்படியில் உட்கார்ந்திருக்கும் சிறுவர்கள்)

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கேம்பிரிட்ஜ், சாமர்வில் என்று பக்கத்துப் பக்கத்து ஊர்கள். ரிச்சர்ட் கேபட் என்ற மருத்துவருக்கு ஒரு நம்பிக்கை. சிறுவர்கள் கெட்டுப்போவதற்கு முன்பே அன்பான ஒரு பெரியவரை அவர்கள் பக்கத்தில் நிற்க வைத்துவிட்டால் குற்றவாளிகள் உருவாக மாட்டார்கள் என்று நினைத்தார். நாம் எல்லோரும் நம்புகிற விஷயம்தானே அது? ஆனால் கேபட் நம்பியதோடு நிற்கவில்லை, சோதித்துப் பார்க்க ஏற்பாடு செய்தார். வயது, குடும்பச் சூழல், குணம் எல்லாம் பார்த்து, ஒருவனுக்கு ஒருவன் பொருந்தும்படி சிறுவர்களை ஜோடி சேர்த்தார்கள். ஜோடியில் யாருக்கு உதவி, யாருக்கு இல்லை என்பதை நாணயம் முடிவு செய்தது. 1939இல் வேலை தொடங்கியது. அந்த ஆண்டே கேபட் இறந்துபோனார். திட்டம் மட்டும் 1945 வரை நடந்தது. கடைசிவரை நின்றவர்கள் 506 சிறுவர்கள், பக்கத்துக்கு 253 பேர். இந்த 506 என்ற எண்ணை மறந்துவிடாதீர்கள்.

உதவி என்றால் பெயருக்குச் செய்த உதவி அல்ல. ஆலோசகர்கள் வீடு தேடிப் போனார்கள். பாதிக்கும் மேற்பட்ட சிறுவர்களுக்குத் தனிப்பாடம் எடுத்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்கு மருத்துவ, மனநல உதவி கிடைத்தது. பலரைக் கோடை முகாம்களுக்கு அனுப்பினார்கள். நடந்ததையெல்லாம் கோப்புகளில் எழுதி வைத்தார்கள்.

பிறகு காலம் ஓடியது. ஜோன் மெக்கார்ட் என்ற ஆய்வாளர் 1970களில் அந்தச் சிறுவர்களைத் தேடிக் கிளம்பினார். அவர்கள் அப்போது நடுத்தர வயதுக்காரர்கள். இணையம் இல்லாத காலத்தில், நீதிமன்றப் பதிவு, மருத்துவமனைப் பதிவு, இறப்புப் பதிவு என்று துருவித் துருவி ஏறக்குறைய எல்லோரையும் கண்டுபிடித்துவிட்டார். அந்தப் பொறுமையை நினைத்தாலே எனக்குக் கைகூப்பத் தோன்றுகிறது.

உதவி பெற்றவர்களிடம் அவர் கேட்டார்: அந்தத் திட்டம் உங்களுக்கு உதவியதா? மூன்றில் இரண்டு பங்கினர் ஆம் என்றார்கள். ஆலோசகர்களை அன்போடு நினைவுகூர்ந்தார்கள். அது இல்லாமல் போயிருந்தால் குற்றவாளியாகியிருப்பேன் என்று எழுதியவர்களும் உண்டு.

ஒரு நிமிடம் இங்கே நில்லுங்கள். ஒப்பிடுவதற்கு மறுபாதி இல்லாமல் போயிருந்தால் கதை இதோடு முடிந்திருக்கும். நன்றி சொல்லும் கடிதங்களை அட்டையில் அச்சடித்து, மாபெரும் வெற்றி என்று ஆண்டறிக்கை வந்திருக்கும். அந்த அறிக்கையை எழுதியவர் பொய் சொல்லியிருக்கவும் மாட்டார்.

ஆனால் மறுபாதி இருந்தது. மெக்கார்ட் இரண்டு பட்டியல்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முதல் குற்றத்தில் வேறுபாடு இல்லை. மறுபடியும் குற்றம் செய்தவர்கள் உதவி பெற்ற பக்கத்தில்தான் அதிகம். குடிநோயின் அறிகுறிகள் அங்கேதான் அதிகம். கடுமையான மனநோயும் அப்படியே. அவர்கள் இளவயதில் இறந்ததும் அதிகம். உதவி பெற்றவர்கள் மேலாக இருந்தார்கள் என்று சொல்ல ஒரு கணக்குக்கூட அகப்படவில்லை. 1978இல் இந்த முடிவு வெளியானது.

(திரையில்: இரண்டு பட்டியல்கள் அருகருகே)

தாளில் நீங்கள் என்ன எழுதியிருந்தீர்கள்? முதல்முறை கேட்டபோது நானும் உதவி பெற்றவன்தான் நன்றாக இருப்பான் என்று நினைத்தேன். உண்மை தெரிந்த அன்று தூக்கம் வரவில்லை. அவ்வளவு அன்பு எப்படிக் கேடாக முடியும்?

பின்னாளில் 1999இல் அதே தரவுகளை மறுபடியும் தோண்டினார்கள். கேடு பெரும்பாலும் குவிந்திருந்தது, ஒன்றுக்கு மேற்பட்ட முறை கோடை முகாமுக்குப் போன சிறுவர்களிடம். அங்கே என்ன நடந்திருக்கும் என்று கற்பனை செய்து பாருங்கள். கொஞ்சம் முரண்டு பிடிக்கும் பையன்கள் ஒரே கூடாரத்தில் சேர்கிறார்கள். இரவில் ஒருவன் தன் வீரப்பிரதாபத்தைச் சொல்ல, மற்றவர்கள் சிரித்துக் கைதட்ட, அடுத்தவன் அதைவிடப் பெரிதாக ஒன்றைச் சொல்கிறான். ஆலோசகரின் ஒரு மணி நேரப் பேச்சு அந்தக் கைதட்டலுக்கு முன் நிற்குமா? ஒருவருக்கொருவர் கெடுத்துக்கொள்ள நாமே இடம் ஏற்பாடு செய்து கொடுத்தோம் என்பதுதான் ஆய்வாளர்கள் தரும் விளக்கம். எனக்கும் அது பொருத்தமாகவே படுகிறது.

இந்தப் படிப்பு உங்களுக்குள் விதைக்கும் கேள்வி ஒன்றுதான்: எதோடு ஒப்பிட்டு? ஒரு திட்டத்தால் நூறு பேருக்கு வேலை கிடைத்தது என்று யாராவது சொன்னால், திட்டம் வராமலே போயிருந்தாலும் அவர்களில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்திருக்கும் என்று உங்கள் மனம் தானாகவே கேட்கத் தொடங்கும்.

பாடங்கள் என்னென்ன என்று கேட்பீர்கள். நுண்பொருளியல், புள்ளியியல், ஆய்வு முறைகள், நேர்காணல் எடுக்கும் கலை, அறவியல், தரவுகளை அலசும் ஸ்டாட்டா அல்லது ஆர் மென்பொருள், களப்பயிற்சி, கடைசி ஆண்டில் ஒரு ஆய்வுத் திட்டம். கணக்கைக் கண்டு பயப்பட வேண்டாம். ஆனால் கணக்கே வேண்டாம் என்பவர்கள் இங்கே வர வேண்டாம். அதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

எண்ணைச் சந்தேகப்படவும் கற்றுத்தருவார்கள். அமெரிக்காவின் வறுமைக் கோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மோலி ஓர்ஷான்ஸ்கி என்ற பெண், சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்தில் வேலை பார்த்தவர். மூன்று பேரோ அதற்கு மேலோ உள்ள குடும்பங்கள் வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை உணவுக்குச் செலவழித்ததாக 1955இல் எடுத்த ஒரு கணக்கெடுப்பு சொன்னது. அவர் மிகச் சிக்கனமான உணவுத் திட்டத்தின் செலவை எடுத்து மூன்றால் பெருக்கினார். அவ்வளவுதான், கோடு பிறந்தது. 1969இல் அரசு அதை அதிகாரப்பூர்வமாக ஏற்றுக்கொண்டது. பிறகு விலைவாசிக்கு ஏற்ப உயர்த்திக்கொண்டே வருகிறார்கள். குடும்பச் செலவில் உணவின் பங்கு சுருங்கிப்போய், வாடகையும் மருத்துவமும் குழந்தை பராமரிப்பும் வீங்கிவிட்டன. ஆனாலும் கோட்டின் அடியில் அந்தப் பழைய மூன்றுதான் இருக்கிறது. ஓர்ஷான்ஸ்கியைக் குறை சொல்ல மாட்டேன். கையில் இருந்த தரவை வைத்து நேர்மையாக ஒரு கணக்குப் போட்டார். அதை ஒட்டித்தான் கோடிக்கணக்கானவர்கள் ஏழையா இல்லையா என்று பல பத்தாண்டுகளாக எண்ணிக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் என்னை உலுக்குகிறது.

இன்னொன்று, விண்ணப்பப் படிவம். ஆம், சாதாரணப் படிவம்! விதவை ஓய்வூதியத்துக்கான படிவம் ஒன்றைக் கையில் வைத்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். கணவரின் இறப்புச் சான்றிதழ், முகவரிச் சான்று, வருமானச் சான்று, வங்கிக் கணக்கு. ஒவ்வொன்றுக்கும் ஓர் அலுவலகம், ஒவ்வொரு அலுவலகத்துக்கும் ஒரு நாள் கூலி இழப்பு. இறப்புச் சான்றிதழில் பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது, திருத்திக்கொண்டு வா என்று அனுப்பிவிடுகிறார்கள். அவர் திரும்பி வருவதே இல்லை. கணக்கில் அவர் தகுதி இருந்தும் விண்ணப்பிக்காதவர். உரியவர் விடுபடுவது ஒரு பிழை, உரிமையில்லாதவர் நுழைவது இன்னொரு பிழை. படிவத்தில் கேள்வியைக் கூட்டினால் இரண்டாவது குறையலாம், ஆனால் முதலாவது ஏறும். என்னைக் கேட்டால் விடுபடும் பெண்மணியைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுவேன். உங்கள் வகுப்பில் யாராவது எதிர்த்து வாதிடுவார்கள். வாதிடட்டும், வகுப்பு நடப்பதே அதற்காகத்தான்.

ஓரிடத்தில் பலித்தது இன்னோரிடத்தில் பலிக்குமா என்பதற்கும் ஓர் எடுத்துக்காட்டு. 1985இல் டென்னசி மாநிலத்தில் மாணவர்களைக் குலுக்கல் போலப் பிரித்துச் சிறிய வகுப்புகளில் உட்கார வைத்தார்கள். மதிப்பெண்கள் உயர்ந்தன. 1996இல் கலிபோர்னியா மாநிலம் முழுக்க ஒரே மூச்சில் வகுப்புகளைச் சிறிதாக்கியது. அத்தனை வகுப்புகளுக்கும் ஆசிரியர்கள் எங்கே? முழுத் தகுதி பெறாதவர்களைக் கூட்டம் கூட்டமாக நியமிக்க வேண்டியதாயிற்று. அதில் அதிகம் அடிபட்டவை ஏழைக் குழந்தைகள் படிக்கும் பள்ளிகள்.

(திரையில்: 506 என்ற எண் பெரிதாக)

இப்போது அந்த 506. எனக்கு மெய்சிலிர்த்த இடம் இது. 1997இல் மெக்சிகோ அரசு புரோகிரேசா என்ற திட்டத்தைத் தொடங்கியது. குழந்தைகள் பள்ளிக்குப் போனால், குடும்பம் மருத்துவப் பரிசோதனைக்கு வந்தால், தாயின் கையில் பணம். நடுநிலைப் பள்ளியில் பெண்பிள்ளைகளுக்குச் சற்றுக் கூடுதல் தொகை. எல்லா ஊர்களுக்கும் ஒரே நேரத்தில் கொண்டுபோக முடியாது. அந்தத் தாமதத்தையே ஆய்வாக மாற்றினார்கள். ஆய்வுக்கு எடுத்த ஊர்களில் 320க்கு முதலில், 186க்குப் பிறகு. கூட்டிப் பாருங்கள். ஆம், 506! மாசசூசெட்ஸில் 506 சிறுவர்கள், மெக்சிகோவில் 506 ஊர்கள். தற்செயல்தான், ஆனாலும் தேர்வுக்குப் படிக்கும்போது இரண்டையும் சேர்த்தே நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இங்கே கதை நல்லபடியாகப் போனது. பெண்பிள்ளைகள் முன்பைவிட அதிகமாக நடுநிலைப் பள்ளிக்குப் போனார்கள். கையில் ஆதாரம் இருந்ததால் 2000இல் ஆட்சி மாறியும் திட்டம் பிழைத்தது. பெயர் மட்டும் இரண்டு முறை மாறியது. 2019இல் அது நிறுத்தப்பட்டது. ஆதாரம் இருந்தாலும் அரசியல் தன் முடிவை எடுக்கும். இந்தப் படிப்பில் அரசியல் பாடத்தைத் தூங்கிக் கழிக்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

படித்து முடித்தால் வேலை? அரசுத் துறைகள், ஆய்வு நிறுவனங்கள், தொண்டு அமைப்புகள், பன்னாட்டு அமைப்புகள், பத்திரிகைகளின் தரவுப் பிரிவுகள். பலர் முதுநிலைக்கோ சட்டத்துக்கோ போகிறார்கள்.

நீங்கள் இந்தப் படிப்புக்கு ஏற்றவர்தானா என்று பார்க்க ஒரு சின்ன வேலை தருகிறேன். உங்களுக்குத் தெரிந்த ஏதாவது ஓர் உதவித் திட்டத்தின் படிவத்தை எடுத்து, எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் அதை எந்தக் கேள்வியில் கைவிடுவார் என்று கண்டுபிடியுங்கள். அரை மணி நேரம் கழித்தும் படிவத்தைக் கீழே வைக்க மனம் வரவில்லை என்றால் தாராளமாக விண்ணப்பியுங்கள். அந்தக் கேள்வியைக் கருத்துப் பகுதியில் எழுதி அனுப்புங்கள். அடுத்த வீடியோவில் அவற்றில் ஒன்றை எடுத்து, முதல் வரியிலிருந்து கையொப்பம் வரை நாம் சேர்ந்து நிரப்பிப் பார்க்கப்போகிறோம்.