ஒரே ஹால்ல 5 வகுப்பு, கையில ஒரு போன்: சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் பக்கத்துல இருந்து ஒரு டீச்சர் கேட்டிருக்காங்க. "ஈராசிரியர் பள்ளி சார். ஒண்ணாவதுல இருந்து அஞ்சாவது வரைக்கும் ஒரே ஹால். மீனவர் வீட்டுப் பிள்ளைங்க, இலங்கைத் தமிழர் முகாம்ல இருந்து வர்ற பிள்ளைங்க, இந்தி மட்டும் பேசற ஒரு பையன். கம்ப்யூட்டர் கிடையாது, நெட் பாதி நேரம் வராது. என் போன் ஒண்ணுதான். சொந்தக் காசுல புரொஜெக்டர் வாங்கிடலாமா?"

வாங்காதீங்க டீச்சர். அது எல்லாப் பிள்ளையையும் ஒரே பாடத்தைப் பார்க்க வைக்கும். உங்க பிள்ளைங்களுக்கு ஒரே பாடம் சரிவராதுங்கறதுதானே சிக்கலே.

அடிப்படை வாசிப்பு, கணக்குக்கான அரசுத் திட்டம் எண்ணும் எழுத்தும் 2022ல வந்தப்ப பிள்ளைங்களை அவங்க கற்றல் நிலையை வெச்சு அரும்பு (தொடக்க நிலை), மொட்டு (நடு நிலை), மலர் (மேல் நிலை)னு பிரிச்சாங்கல்ல, அதை ரெக்கார்டுல மட்டும் எழுதி வைக்காம நிஜமாவே அப்படி உட்கார வைங்க. நாலாவது படிச்சாலும் எழுத்துக்கூட்ட வரலையா, அரும்புதான். வீட்ல இருந்து சண்டைக்கு வருவாங்க, பேசிக்கலாம். மலர் பிள்ளைங்களுக்கு வேலை குடுத்துட்டு நீங்க அரும்போட தரையில உட்காருங்க. தினமும் முதல் 20 நிமிஷம் அவங்களுக்குத்தான்.

வேலைன்னா என்ன குடுக்கறது? திசை நடத்த வீடியோ தேடறாங்க நம்மாளுங்க! வாடை, கொண்டல், கச்சான், சோழகம்னு ஒவ்வொரு காத்தும் எங்கெங்க இருந்து அடிக்கும்னு கடல்தொழில் வீட்டுப் பிள்ளையைக் கேளுங்க, கையைக் காட்டிடும். பக்கத்துல வடக்கு, கிழக்கு, மேற்கு, தெற்குன்னு எழுத வேண்டியதுதான் பாக்கி. கடல்பாசி வளர்க்கற வீடா? இன்னைக்கு மிதவை போட்டா 45 நாள்ல அறுவடை, எந்தத் தேதி வரும்? காலண்டரைக் குடுத்துட்டு விட்டுடுங்க.

பிள்ளைங்க அட்டைகளை வெச்சு தானே செஞ்சு படிக்கற செயல்வழிக் கற்றல் முறை 2007ல மாநிலம் முழுக்க வந்தப்ப சுவரைச் சுத்திக் கீழ்மட்டக் கரும்பலகை போட்டாங்க. உங்க பள்ளியில இருந்தா உப்புக்காத்துல உதிர்ந்திருக்கும், மறுபடி பெயிண்ட் அடிச்சு ஆளுக்கு ஒரு கட்டம் குடுங்க. உட்கார்ந்த இடத்துல இருந்தே யார் எங்க தடுமாறறாங்கன்னு தெரியும்.

முகாம் பிள்ளைங்க அவங்க பேச்சு வழக்கிலேயே வாசிக்கட்டும். எழுத்தை மாத்தி வாசிச்சா மட்டும் திருத்துங்க. இந்திப் பையனை வாய் ஓயாம பேசற பிள்ளை பக்கத்துல உட்கார வைங்க. அவன் இந்தியிலேயே எண்ணினாலும் கூட்டல் சரியா வந்தா மார்க் போடுங்க.

இப்ப போனுக்கு வர்றேன். அத்தனை பிள்ளையும் அந்தச் சின்னத் திரையை எட்டிப் பார்த்தா தள்ளுமுள்ளுதான். ஆனா காதால கேட்கலாம். சிக்னல் கிடைக்கற இடத்துல, அரசோட பாட ஆப்பான திக்‌ஷா ஆப்ல புத்தகத்து கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணி இறக்கி வெச்சுக்கிட்டா வகுப்புல நெட் வேண்டாம். புரொஜெக்டர் காசுல ஒரு துளிதான் ஆகும், ஒரு புளூடூத் ஸ்பீக்கர் வாங்குங்க. பாட்டு, கதை, சொல்வதெழுதுதல் எல்லாம் அதுல ஓடும். அந்த நேரம் உங்க கை அரும்புக்கு. அதே போன்ல அரும்புப் பிள்ளைங்க வாசிக்கறதை மாசம் ஒருதடவை பதிவு பண்ணி அவங்களுக்கே போட்டுக் காட்டுங்க. வேற யாருக்கும் அனுப்பாதீங்க.

வீட்டுப்பாடத்தை வாட்ஸ்அப்ல போட்டா மீனவர் வீட்ல சிக்கல். அப்பா கடலுக்குப் போற அன்னைக்கு வீட்ல இருக்கற ஒரு போனும் கூடவே போயிடும். போர்டுல எழுதிப் போட்டு, நோட்டுல எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க. சரி, தொண்டியில இருந்து ஒருத்தர் கேட்டிருக்காரு, அதைப் பார்ப்போம்.