மறுமையில் சந்திப்போம்: கல்லறைத் திருநாள் முன்மாலை உரை

மேடையில் வீற்றிருக்கும் மதிப்பிற்குரிய பங்குத்தந்தை அவர்களே, அழைத்ததும் மறுக்காமல் வந்திருக்கும் சி.எஸ்.ஐ. சேகர ஆயர் அய்யா அவர்களே, பேரூராட்சித் தலைவர் அம்மா அவர்களே, எனக்கு நான்காம் வகுப்பில் மறைக்கல்வி சொல்லிக்கொடுத்து இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை அவர்களே, மரியாயின் சேனைச் சகோதரிகளே, வின்சென்ட் தே பவுல் சபை நண்பர்களே, தூறலில் நனைந்துகொண்டே பந்தல் போட்ட தம்பிகளே, மேலத்தெருவிலிருந்தும் கீழத்தெருவிலிருந்தும் வந்து ஒரே பந்தலில் உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

பங்குத்தந்தை அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் நான் தொடங்கக் கூடாது. என் அம்மாவின் அடக்கத்தன்று கடைசிப் பிடி மண் விழும்வரை அவர் குழியருகிலேயே நின்றார். அதை என் குடும்பம் மறக்காது. ஆயர் அய்யாவுக்கு இன்றிரவு இன்னொரு ஜெபக்கூட்டம் இருக்கிறது. அதற்கு நடுவிலும் நமக்காக நேரம் ஒதுக்கியிருக்கிறார். பேரூராட்சித் தலைவர் அம்மா, கல்லறைப் பாதைக்கு விளக்குப் போட்டுக்கொடுத்திருக்கிறார். அவருக்கும் நன்றி.

சரி. நாளை நவம்பர் 2, இறந்தவர்களை நினைக்கும் கல்லறைத் திருநாள். ‘இறந்துபோன நம் அன்பர்களை மறுபடியும் காண்போமா?’ என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. இதை மூன்று செய்திகளாகச் சொல்ல வந்திருக்கிறேன். வேதம் என்ன சொல்கிறது, ஆதித் திருச்சபையின் பெரியவர்கள் என்ன சொன்னார்கள், இறந்த ஆன்மாக்கள் பரலோகம் போகுமுன் தூய்மை பெறும் இடம் என்று சொல்லப்படும் உத்தரிக்கிற ஸ்தலத்தைப் பற்றிக் கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையாரும் எங்கே வேறுபடுகிறார்கள்.

என் அப்பா அடிக்கடி சொல்வார்: “விதை ஒன்று போட்டால் சுரை ஒன்றா முளைக்கும்?” அப்போஸ்தலர் பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது உயிர்த்தெழுதலை விதையை வைத்துத்தான் விளக்குகிறார். மண்ணில் போட்டது ஒரு மணி, முளைத்து வருவது பயிர். உருவம் மாறுகிறது. ஆனால் கோதுமையைப் போட்ட இடத்தில் கோதுமைதான் வருகிறது. குழியில் நாம் வைத்தது என் அம்மா என்றால், எழுந்து வரப்போவதும் என் அம்மாதான். யாரோ முகம் தெரியாத ஆவி இல்லை.

தெசலோனிக்கே சபைக்கு இதே கவலை வந்தது. ஏறக்குறைய கி.பி. 50-இல், ஆண்டவர் வருவதற்குள் செத்துப்போனவர்களின் கதி என்ன என்று அவர்கள் கலங்கினார்கள். பவுல் அவர்களை அழாதீர்கள் என்று சொல்லவில்லை. நம்பிக்கை இல்லாதவர்களைப்போல அழாதீர்கள் என்றார். உயிரோடு இருக்கிற நாமும் “அவர்களோடேகூட” எடுத்துக்கொள்ளப்படுவோம் என்றார். இந்த ஒரு சொல் போதும், அய்யா. பிள்ளையைப் பறிகொடுத்த தாவீது ராஜாவும் இதே நம்பிக்கையில்தான், அது என்னிடத்துக்குத் திரும்பி வராது, நான்தான் அதனிடத்துக்குப் போவேன் என்றான்.

அடையாளம் தெரியுமா என்று கேட்பவர்களுக்கு மகதலா மரியாளைக் காட்டுகிறேன். உயிர்த்த ஆண்டவரை அவள் தோட்டக்காரர் என்றுதான் நினைத்தாள். “மரியாளே” என்று பேர் சொல்லிக் கூப்பிட்டாரே, அப்போது தெரிந்துவிட்டது. போன மாதம் ஒரு கைம்பெண் என்னிடம் கேட்டார்: “பரலோகத்தில் பெண் கொள்வதும் கொடுப்பதும் இல்லையாமே, அப்போ என் வீட்டுக்காரர்?” அம்மா, அங்கே கல்யாணம் என்ற ஏற்பாடு இல்லை என்றுதான் ஆண்டவர் சொன்னார். அன்பு இல்லை என்று சொல்லவில்லை. உங்கள் வீட்டுக்காரர் உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார்.

இங்கே என் அப்பாயியின் கதையைச் சொல்லியாக வேண்டும். என் அப்பா பிறந்த மூன்றாம் நாள் அப்பாயிக்கு விஷக்காய்ச்சல், பால் வற்றிவிட்டது. கூட நாற்று நட்ட கீழத்தெரு சிநேகிதிக்கும் அப்போது கைக்குழந்தை. நாற்பது நாள், இரவானதும் கொல்லைப்புற வழியாக வந்து என் அப்பாவுக்குப் பால் கொடுத்தார். முன்வாசல் வழியாக வர அன்றைக்கு அவருக்கு அனுமதி இல்லை. நாங்கள் அவரைச் சின்னாத்தா என்று கூப்பிடுவோம். எனக்கு ஒன்பது வயதானபோது சின்னாத்தா இறந்தார். என் அப்பா போய்ப் பெட்டிக்குத் தோள் கொடுத்தார். அதற்காக எங்கள் தெருவே ஒரு வருடம் எங்களோடு பேசவில்லை.

சின்னாத்தாவைக் கல்லறைத் தோட்டத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் புதைத்தார்கள். எந்தச் சுவர் என்று உங்களுக்குத் தெரியும், மேலத்தெருவையும் கீழத்தெருவையும் சாதி பார்த்துப் பிரிக்கிற சுவர். ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் அப்பாயி இரண்டு மெழுகுவர்த்தி எடுத்துவருவார். ஒன்றைத் தாத்தா கல்லறையில் ஏற்றுவார். இன்னொன்றைக் கொட்டாங்கச்சியில் நிறுத்தி, என்னைத் தூக்கிப்பிடித்து, கண்ணாடிச் சில்லு பதித்த அந்தச் சுவர்மேல் வைக்கச் சொல்வார். “கை பத்திரம்டா” என்பார். காற்றில் அணைந்துவிடும். மறுபடி ஏற்றுவோம். மறுபடி அணையும்.

ஒரு வருடம் கல்லறைகளை மந்திரித்து ஆசீர்வதிக்க வந்த சாமியாரை நிறுத்தி அப்பாயி கேட்டார்: “சாமி, நான் செத்தா மேலே அவளைப் பாப்பேனா?” “கட்டாயம் பாப்பீங்கம்மா” என்றார் சாமியார். அப்பாயி சுவரைப் பார்த்தார். “அங்கேயும் இது இருக்குமா, சாமி?” என்றார்.

சாமியார் தீர்த்தச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். அவர் முகம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

மறுமையில் கடக்க முடியாத ஒரு பிளவைப் பற்றி ஆண்டவர் ஒரே இடத்தில் பேசுகிறார், ஐசுவரியவான் லாசரு உவமையில். அந்தப் பக்கம் இருப்பவன் லாசரு என்று ஐசுவரியவானுக்கு அடையாளம் தெரிகிறது. பேர் சொல்லி, தண்ணீர் கொண்டுவரச் சொல்கிறான். அந்தப் பிளவைத் தோண்டியது யார்? தன் வாசலில் கிடந்தவனை உள்ளே சேர்க்காதவன். விதை ஒன்று போட்டால் சுரை ஒன்றா முளைக்கும்?

சாதி பார்த்துப் பிரித்த திருச்சி மேலப்புதூர் கல்லறைச் சுவரைப் பற்றிப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். நம் ஊரில் மட்டும் இல்லை இந்த நோய். 2003-இல் தமிழக ஆயர்களைச் சந்தித்த திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் சாதிப் பாகுபாட்டைக் கண்டித்தார். 2016-இல் இந்திய ஆயர் பேரவையே தலித் மேம்பாட்டுக்குக் கொள்கை வெளியிட்டது. ஆனால் நம் சுவர் இன்னும் நிற்கிறது.

ஆதித் திருச்சபையைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். மூன்றாம் நூற்றாண்டில் கொள்ளைநோய் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரை வாரிக்கொண்டு போனபோது, ஆயர் சிப்பிரியான் தன் மக்களிடம், அங்கே நம் பெற்றோரும் சகோதரரும் பிள்ளைகளும் கூட்டமாக நமக்காகக் காத்திருக்கிறார்கள் என்றார். புனித மோனிக்காவையும் சொல்ல வேண்டும். கணவர் பக்கத்தில் புதைக்கப்பட வேண்டும் என்று ஊரில் இடம்கூடப் பார்த்து வைத்திருந்தவர் அந்த அம்மா. 387-இல் ஓஸ்தியாவில் சாகும்போது, இந்த உடலை எங்கே வேண்டுமானாலும் புதையுங்கள், ஆண்டவரின் பீடத்தில் என்னை நினைத்துக்கொள்ளுங்கள், அது போதும் என்று மகன் அகுஸ்தினாரிடம் சொன்னார். இதைக் காட்டி ஒரு பெரியவர் என்னிடம், “எங்கே புதைத்தால் என்ன, சுவர் இருந்தால்தான் என்ன?” என்று வாதாடினார். எங்கே புதைத்தாலும் ஒன்றுதான் என்றால், சுவருக்கு என்ன வேலை அய்யா?

உத்தரிக்கிற ஸ்தலத்தைப் பற்றிப் பேச நேரமில்லை. ஆயர் அய்யாவும் புறப்பட வேண்டும். ஆனால் ஒரு மனுவைப் படித்துவிட்டுப் போகிறேன். கல்லறைச் சுவரை இடித்து இரு பக்கத்தையும் ஒரே தோட்டமாக்க வேண்டும், இனிமேல் அடக்கம் வரிசைப்படி நடக்க வேண்டும், சவப்பெட்டியை எடுத்துச்செல்லும் தூம்பா எல்லாத் தெருவுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். மனு மேடைக்கு வலதுபக்க மேசையில் இருக்கிறது. முதல் கையெழுத்து, எண்பது வயதைத் தாண்டிய என் அப்பாவுடையது.

நாளை மாலை 4 மணிக்கு மந்திரிப்பு. இந்த வருடம் கீழ்வாசலில் தொடங்கப் பங்குத்தந்தை சம்மதித்திருக்கிறார். மேலத்தெருக்காரர்களும் அந்த வாசல் வழியாகவே வாருங்கள். ஆளுக்கு இரண்டு மெழுகுவர்த்தி எடுத்துக்கொள்ளுங்கள். கொட்டாங்கச்சியும் கொண்டுவாருங்கள், ஏரிப் பக்கமிருந்து காற்று பலமாக அடிக்கும்.